வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு
(மஞ்சக்குட்டை முதலிய சேர்வராயன் மலைக் கிராமத்தாருக்கு)

சேலம் ஜில்லா ஏற்காட்டுத் தாலுகாவிலுள்ள மஞ்சக்குட்டையிலும் அதைச் சூழ்ந்த மலைச் சிற்றூர்களிலும், வீட்டையொட்டி ஒன்றிரண்டு சென்ட் நிலமுடைய குடும்பங்கள் பல. அந்நிலத்தில் உருளைக்கிழங்கு விளையுமா என்று கேட்பவர்களுக்கு விடை கூறுதல் எளிது, விளையும். ஆனால் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. எந்த விதையைக் கொண்டு விளைவிப்பது என்பதே முதற் கேள்வி. எருவும் நீரும் குறைந்தால் ஒரு போகத்து மகசூல் குறையும். விதை கெட்டதாயின் நிலமே கெடும். ஆகையால் சாகுபடி முறையைச் சொல்லுமுன் விதையைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

மலையின் சீதோஷ்ணம்

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலுள்ள ஆண்டிஸ் மலைகளில் தோன்றிய பயிர். செடி வளர வெயில் வேண்டும். கிழங்கு திரளக் குளிர்ந்த இரவு வேண்டும். இரவு நேரத்து வெப்பம் 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்டால் தழை மிகுந்து கிழங்கு குறையும். சமவெளியிற் கோடைக்காலத்தில் நட்டவர்கள் பச்சென்று வளர்ந்த செடியைப் பிடுங்கிப் பார்த்து, கோலிக்குண்டளவு கிழங்குகூட இல்லாமல் ஏமாறுவதற்குக் காரணம் இதுவே.

ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,515 மீட்டர், அதாவது ஐயாயிரம் அடிக்குச் சற்றே குறைந்த உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலமோ ஏறத்தாழ 2,240 மீட்டர். சேர்வராயன் மலை நீலகிரியைவிடத் தாழ்ந்ததாகலின், அதைவிட வெப்பமும் உடையது. உதகமண்டலத்தில் எந்தெந்த மாதங்களில் நடுகிறார்களோ அவ்வம்மாதங்களிலெல்லாம் இங்கும் நடலாமென்று எண்ணுவது சரியன்று. மலைப்பகுதிகளில் தை மாசியிலும், பங்குனி சித்திரையிலும், ஆவணி புரட்டாசியிலும் நடும் வழக்கம் உண்டு. வியாபாரத்திற்குப் பயிரிடுகிறவர்கள் அவ்வாறு செய்யட்டும். அரை சென்ட் நிலத்தில் வீட்டுச் செலவுக்குப் பயிரிடுகிறவர்களுக்கு, ஐப்பசி அடைமழை ஓய்ந்த பின் கார்த்திகையில் நட்டு மாசியில் தோண்டுவதே அநுகூலமானது. மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகள் கிழங்கு திரளும் காலத்தோடு பொருந்தும். அடைமழையில் மிகும் கருகல் நோயும் அப்போது தணிந்திருக்கும். மழை நின்றபின் வேண்டிய நீரைக் குடத்தால் ஊற்றிச் சமாளிப்பது சிறு தோட்டத்தில் இயலாததன்று.

நீலகிரியில் நேர்ந்தது

நீலகிரியில் உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தவர் 1820களில் அங்கிருந்த கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். அதே காலத்தில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன், ஏற்காட்டு மலையிற் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு மலைகளின் வரலாறும் அத்துடன் பிரிந்தது. இங்கே காப்பியும் மிளகும் வேரூன்றின. அங்கே உருளைக்கிழங்கு பெரிய வியாபாரப் பயிராயிற்று. நீலகிரிக் குடியானவர்கள் தரகர் கையிற் சிக்காமல் கிழங்கை விற்பதற்கென்றே 1935இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட்டதும், மேட்டுப்பாளையம் மண்டியில் அச்சங்கம் ஏலம் நடத்தி வந்ததும் கூட்டுறவு அங்கத்தினர் பலர் அறிந்த செய்தி.

அத்தகைய நீலகிரியில், 1961ஆம் வருஷம் இங்கிலாந்திலிருந்து வந்த நூற்புழு நிபுணர் ஜோன்ஸ், உதகமண்டலத்தை அடுத்த விஜயநகரத்து நிலத்திற் கிழங்குச் செடியின் வேர்களில் மிகச் சிறிய மணிகள் ஒட்டியிருப்பதைக் கண்டார். முட்டைக்கூட்டு நூற்புழு என்பது அதுதான். இந்தியாவில் அது கண்டறியப்பட்டது அப்போதே முதன்முறை. அதன் பெண் புழு வேரிலேயே உருண்டு திரண்டு, முதலில் வெண்மையாகவும் பின்பு பொன்னிறமாகவும் இருந்து, சாகும்போது தவிட்டு நிறக் கூடாக மாறி மண்ணில் உதிர்ந்துவிடும். குண்டூசித் தலையினும் பருமன் மிகாத அக்கூட்டுக்குள் இருநூறு முதல் ஐந்நூறு முட்டைகள் வரை இருக்கும். மண்ணில் உருளைக்கிழங்கோ அதன் இனச் செடியோ இல்லாவிடின் அம்முட்டைகளிற் பெரும்பாலன பொரியாமற் காத்திருக்கும். கிழங்கின் வேரிலிருந்து கசியும் சாறு பட்டதும் விழித்தெழும். அவ்வாறு இருபது வருஷங்களுக்கு மேலும் காத்திருக்க வல்லவை என்பதே இதிலுள்ள பெருங்கேடு. தகப்பன் கொண்டுவந்த புழு மகன் காலத்திலும் மண்ணில் இருக்கும்.

இப்புழு தானாக நெடுந்தூரம் செல்லாது. கிழங்கில் ஒட்டிய மண், சாக்கு, மண்வெட்டி, செருப்பு, மழைநீர் ஆகியவையே அதைக் கொண்டுபோகும். ஆகவேதான் 1971இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லாதவாறு தமிழ்நாட்டு சர்க்கார் தடை விதித்தது. பின்னர்க் கொடைக்கானல் மலையிலும் அப்புழு காணப்பட்டது. வடக்கே இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், ஜம்மு காஷ்மீரம் ஆகிய பகுதிகளிலும் அது கண்டறியப்பட்டதனால், 2018இல் மத்திய சர்க்கார் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியேறுவதற்கும் தடை விதிக்க நேர்ந்தது. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் இப்புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா என்னும் ரகத்தை 1985இல் வெளியிட்டனர். நீலகிரிக்கு அது பெரிதும் உதவியாயிற்று. ஆயினும் தாங்கும் ரகத்தை நட்டால் புழு குறையுமேயன்றி, புகுந்த நிலத்தை விட்டு அடியோடு நீங்கிவிடாது.

கடைக்கிழங்கை விதையாக்குதல்

இப்போது மஞ்சக்குட்டையில் ஒரு குடும்பம் கிழங்கு நட விரும்புகிறதென்று கொள்வோம். வேண்டிய விதை ஆறேழு கிலோ. சான்று பெற்ற விதைக்கிழங்கு ஐம்பது கிலோ மூட்டையாகவே கிடைக்கும். அதற்கும் நெடுந்தூரம் எழுதி வரவழைக்க வேண்டும். அக்குடும்பத்தார் செய்வது யாது? சேலத்துக் கடைவீதியிலோ வாரச்சந்தையிலோ சமையலுக்கு விற்கும் கிழங்கில் முளைவிட்டவற்றைப் பொறுக்கி வந்து நட்டுவிடுகிறார்கள். அதிலும் 'ஊட்டிக் கிழங்கு' என்று பெயர் சொல்லி, மண் ஒட்டியிருப்பதையே அதற்கு அடையாளமாகக் காட்டி விற்கப்படுவதை விரும்பி வாங்குகிறார்கள். சமையலுக்கு அது சிறந்த கிழங்கென்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த மண்ணை மலை தாண்டவொட்டாமல் தடுக்கச் சட்டம் செய்தார்களோ அந்த மண்ணைக் காசு கொடுத்து வாங்கித் தோட்டத்திற் புதைப்பதற்கு அது ஒப்பாகும்.

சமையலுக்கு வாங்கும் கிழங்கிலும் கவனம் வேண்டும். கிழங்கு கழுவிய நீரையும் சீவிய தோலையும் காய்கறிப் பாத்தியில் கொட்டுதல் பெண்மக்கள் பலருக்கும் வழக்கமாயிருக்கிறது. கிழங்கு பயிரிட எண்ணும் வீட்டில் அவற்றை வாழையடியிலோ பூச்செடிகளின் அடியிலோ கொட்டலாம். கிழங்குப் பாத்திக்கும் அதற்கான எருக்குழிக்கும் அவை போகலாகாது.

கடைக்கிழங்கில் வேறு குறைகளும் உண்டு. குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவனவற்றிற்கு முளை அடக்கும் மருந்து இடப்பட்டிருத்தல் கூடும். அவை ஒழுங்காக முளைக்கமாட்டா. இலைச்சுருட்டை, தேமல் முதலிய நச்சுநோய்கள் கிழங்குக்குள்ளேயே தங்கியிருந்தால் கண்ணால் அறிய வழியில்லை. அசுவினிப் பூச்சி அந்நோய்களைச் செடிக்குச் செடி பரப்பும். அப்பூச்சி பெருகும் இடங்களில் சொந்த விதையையே வருஷந்தோறும் எடுத்து நட்டால், மூன்றாம் நான்காம் போகத்தில் கிழங்கு சிறுத்து மகசூல் பாதியாவது அநுபவத்திற் கண்டதே. அதை மண்ணின் குற்றமென்று சிலர் எண்ணி எருவைக் கூட்டுகிறார்கள், பயன் இராது.

சங்கத்தின் வேலை

ஒருவரால் ஆகாத இக்காரியம் எழுவர் சேர்ந்தால் ஆகும். அரை சென்ட் நிலம் ஏறக்குறைய 18 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் செடிக்குச் செடி எட்டு அங்குலமும் விட்டால் 8 வரிசையில் 216 செடிகள் நிற்கும். விதைக்கிழங்கு ஒன்று 30 கிராம் வீதம் ஆறரைக் கிலோ வேண்டும். எனவே ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஏழு வீடுகளுக்குப் போதும். அழுகியது, அடிபட்டது கழிப்பதற்கென நாலரைக் கிலோ மிஞ்சும். நீலகிரியார் கிழங்கை விற்கச் சங்கம் கூடினார்கள்; சேர்வராயன் மலையார் விதையை வாங்கக் கூடலாம். ஏற்காட்டிலுள்ள பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவோ, கிராமத்து அங்கத்தினர் எழுவர் எண்மர் தாமே சேர்ந்தோ இதைச் செய்யக்கூடும்.

மூட்டையில் விதைச் சான்றுச் சீட்டு தைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆதார விதைக்கு வெள்ளைச் சீட்டு. சான்று விதைக்கு நீலச் சீட்டு. சீட்டில்லாத மூட்டை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். பஞ்சாபிலுள்ள ஜலந்தர்ப் பக்கத்துச் சமவெளியில், அசுவினி குறைந்த குளிர்காலத்தில் விதைக்கிழங்கு விளைவித்து, கிடங்கிற் காத்துப் பல மாகாணங்களுக்கும் அனுப்புகிறார்கள். கர்நாடகத்து ஹாசன் ஜில்லா விவசாயிகள் நெடுங்காலமாக அவ்விதையை வரவழைத்துப் பயிரிடுகின்றனர். தை மாசியில் தோண்டிக் கிடங்கிலிட்ட அக்கிழங்கு புரட்டாசி ஐப்பசியில் வெளிவரும். கார்த்திகை நடவுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

கர்நாடகத்தில் அண்மை வருஷங்களில் வேறொரு முறையும் பரவி வருகிறது. ஆய்வுக்கூடத்தில் நோயின்றி வளர்த்த செடியின் நுனித் தளிரைக் கிள்ளி, தென்னை நார்க்கழிவில் வேர்விடச் செய்து நாற்றாக விற்கிறார்கள். தோட்டத்து மண்ணையே தொடாத நாற்றாதலால் நூற்புழு அச்சம் இதில் மிகக் குறைவு. இந்நாற்றை நட்டு முதற் போகத்துக் கிழங்கை விதையாக வைத்துக்கொள்வது வழக்கம். சங்கத்திற்கென ஒரு பாத்தி ஒதுக்கி, நூறு நாற்று நட்டு அங்கத்தினருக்கு விதை பகிர்ந்தளிப்பது தொடங்குதற்கு எளிய முயற்சி.

ரகத்தைப் பொறுத்தமட்டில், 1968இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி மலைப்பகுதிகளிற் பெயர்பெற்றது; ஆயின் கருகல் நோயைத் தாங்கும் வலிமை அதற்கு இப்போது குறைந்துவிட்டது. அந்நோயைத் தாங்குவனவாகப் பின்னர் வெளியிடப்பட்ட குஃப்ரி ஹிமாலினி, குஃப்ரி கிர்தாரி போன்றவை கிடைத்தால் அவற்றையே கேட்டு வாங்குவது நலம். ஏற்காட்டிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் முன்கூட்டி யோசனை கேட்டுக்கொள்ளலாம்.

மண்ணும் எருவும்

சேர்வராயன் மலையின் செம்மண் புளிப்புத் தன்மையுடையது. அலுமினியத் தாது வெட்டியெடுக்கப்பட்ட மலையல்லவா! உருளைக்கிழங்கு அப்புளிப்பைப் பொறுக்கும். அது ஓரளவு இருப்பதே நல்லது. காப்பித் தோட்டத்தில் சுண்ணாம்பு இடும் பழக்கமுள்ளவர்கள் அதே கையோடு கிழங்குப் பாத்தியிலும் இட்டுவிடுகிறார்கள். மண்ணின் புளிப்பு நீங்கினால் கிழங்கின் தோலிற் சொறி கிளம்பும். அடுப்புச் சாம்பலையும் அளவோடுதான் இடவேண்டும்.

அரை சென்டுக்கு நன்றாக மக்கிய தொழுவெரு நாற்பது ஐம்பது கிலோ இடுக. மக்காத சாணத்தை இட்டால் அதனோடு வேர்ப்புழு வந்து கிழங்கைக் குடையும். இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு செடிக்குக் கொடாது. அதனால்தான் மலைநிலத்துக் கிழங்குக்கு அச்சத்து மற்றவற்றினும் இருமடங்கு சிபாரிசு செய்யப்படுகிறது. அக்கணக்கின்படி அரை சென்டுக்கு சூப்பர் பாஸ்பேட் 3 கிலோ, பொட்டாஷ் 400 கிராம், யூரியா கால் கிலோ நடும்போதும், யூரியா இன்னொரு கால் கிலோ முப்பதாம் நாளிலும் இடலாம். சால்களில் எருவோடு கலந்து இட்டு, மேலே சிறிது மண் தள்ளிய பின்பே கிழங்கை வைக்கவேண்டும். உரம் கிழங்கைத் தொட்டால் முளை வெந்துபோகும்.

நடவும் மண் அணைத்தலும்

கிடங்கிலிருந்து வந்த விதையை மூட்டையிலேயே வைத்திராமல், வெயில் படாத ஆனால் வெளிச்சமுள்ள திண்ணையில் ஓரடுக்காகப் பரப்பி, பத்துப் பதினைந்து நாள் வைத்திருக்க வேண்டும். முளை குட்டையாகவும் தடித்தும் பச்சை நிறமாகவும் வரும். இருட்டில் வைத்தால் வெளுத்த நீண்ட முளை கிளம்பி, நடும்போது ஒடிந்துபோகும். விதைக்கிழங்கு பச்சையாவது குற்றமன்று. உண்ணும் கிழங்கு பச்சையானால் அதில் நஞ்சு ஊறும், அதை உண்ணலாகாது.

விதையை வெட்டி நடுவதால் செலவு குறையுமென்பது உண்மை. எனினும் மலையில் வாடல் நோய் வெட்டுக்கத்தியின் வழியாகவே ஒரு கிழங்கிலிருந்து மறு கிழங்குக்குப் பரவுமாதலால், முட்டையளவுக்குக் குறைந்த முழுக் கிழங்கை நடுவதே மேல்.

சரிவுக்குக் குறுக்கே சால் இழுத்து, மூன்று அங்குல ஆழத்தில் முளை மேல்நோக்க வைத்து மூடவேண்டும். கிழங்கு வேரிற் பிடிப்பதன்று. தண்டின் அடிப்பகுதியிலிருந்து மண்ணுக்குள் ஓடும் வெள்ளைக் கொடியின் நுனியிலேயே திரள்வது. மண் அணைக்காவிடின் அக்கொடி வெளியே தலைநீட்டி இலைவிட்டுவிடும், கிழங்கு இராது. ஆகவே முப்பதாம் நாள் களையெடுத்து ஒருமுறையும், அறுபதாம் நாளுக்குள் மறுமுறையும் இரு புறத்து மண்ணையும் செடியைச் சுற்றி அணைத்து உயர்த்தவேண்டும். இவ்வேலைக்குச் சோம்பினால் மற்றெல்லாச் செலவும் வீணே.

கருகலும் வாடலும்

கருகல் நோய் 1845இல் அயர்லாந்து தேசத்து வயல்களை அழித்து, அடுத்த சில வருஷங்களில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாளக் காரணமாயிற்று. நீலகிரியில் 1870க்கும் 1880க்கும் இடையே அது வந்து சேர்ந்தது. பனியும் தூறலும் தொடர்ந்த நாட்களில் இலை ஓரம் நீரூறியதுபோல் கறுத்து, காலையில் இலையின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சணம் தெரியும். கண்டபின் மருந்தடிப்பதைவிட, மேகமூட்டம் நீடிக்கும்போதே முன்கூட்டி அடிப்பது பயன் தரும். காப்பித் தோட்டத்தார் கையாளும் போர்டோக் கலவையே இதற்கும் ஏற்றது. மயில்துத்தம் 100 கிராமை ஐந்து லிட்டர் நீரிலும், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராமை ஐந்து லிட்டர் நீரிலும், உலோகமல்லாத பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்கவேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் செம்பு நிறம் படியலாகாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலவையை அன்றன்றே தெளித்துவிடுக.

நீர் இருந்தும் பச்சைச் செடி பகலில் திடீரெனத் தலை சாய்ந்தால் அது வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டை ஓர் அங்குலம் நறுக்கிக் கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பார்த்தால், சில நிமிஷங்களில் பால்போன்ற நூல் கீழிறங்கும். அச்செடியைச் சுற்றிய மண்ணோடு தோண்டியெடுத்து எரித்துவிடவேண்டும். இதற்கு மருந்தில்லை. அப்பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றையும் சில வருஷம் நடலாகாது. இவையெல்லாம் ஒரே குலம்.

இக்காரணத்தாலும் நூற்புழுக் காரணத்தாலும், இரண்டு சென்ட் உடையவர்கள் அதை நான்காகப் பிரித்து, கிழங்கு நான்கு வருஷத்திற்கு ஒருமுறையே அதே மண்ணுக்கு வருமாறு செய்யவேண்டும். இடையில் பீன்ஸ், கோசு, பூண்டு, கேழ்வரகு முதலியவை வரலாம்.

அறுவடை

இலை மஞ்சளித்ததும் தண்டை அறுத்துவிட்டுப் பத்து நாள் பொறுத்துத் தோண்டினால் தோல் முற்றி, கிழங்கு உரிபடாது. அரை சென்டில் முப்பது முதல் நாற்பது கிலோ வரை எதிர்பார்க்கலாம். கழுவாமல், நிழலில் உலர்த்தி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்கவேண்டும். கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைத் தடுக்க, மலையெங்கும் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியின் உலர்ந்த இலையை மேலே பரப்புதல் நல்ல முறை. வேறெதற்கும் உதவாத அச்செடி இதற்காவது உதவுகிறது.

செடி பூக்கும் பருவத்தில் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பாத்தியில் இரண்டு செடிகளைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மெல்லக் கெல்லியெடுத்து, வேரை ஒரு சட்டி நீரில் அலசி, வெள்ளை அல்லது மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒரு வீட்டில் கண்டாலும் உடனே சங்கத்தில் தெரிவித்து, அந்த வேரை மண்ணோடு பையிலிட்டு ஏற்காட்டுத் தோட்டக்கலை அலுவலகத்திற் காட்டுக. அந்த வீட்டு மண்வெட்டி மறு வீட்டுக்குப் போகாதிருக்கட்டும்.

அடுத்த கார்த்திகை நடவுக்கு மூட்டை வரவேண்டுமாயின், எழுவர் பெயரும் முன்பணமும் ஆவணி மாதத்துச் சங்கக் கூட்டத்திலேயே பதிவாக வேண்டும்.